வெளிநாட்டு கிளப்ல பேஸ்கட்பால் ஆட போறீங்களா, ரெண்டாவது பேப்பர்ல கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி இத படிங்க

போன சீசன் ஐரோப்பாவுல ஒரு ரெண்டாம் டிவிஷன் கிளப்புக்கு ஆடினேன். வரவேண்டிய சம்பளம் இன்னும் வரல. கேஸ் போயிட்டு இருக்குறதால கிளப் பேர போடல, ஆனா அவங்க எப்படி பண்ணாங்கன்னு வெளிநாட்டுல ஆடணும்னு ஆசப்படுற ஒவ்வொரு தம்பிக்கும் தங்கச்சிக்கும் தெரியணும், ஏன்னா சின்ன லீக்ல பல கிளப்புல இதே வழக்கம் தான், என் கூட ஆடின இன்னொரு ஃபாரின் ப்ளேயருக்கும் அச்சு அசலா இதான் நடந்துச்சு.

கிளம்புறதுக்கு முன்னாடி மெயில்ல வந்தது இங்கிலீஷ் கான்ட்ராக்ட். மாசம் 2000 யூரோ கைல, டாக்ஸ கிளப்பே கட்டும், வீடு, போக வர டிக்கெட், மெடிக்கல் இன்சூரன்ஸ், எல்லாம் தெளிவா இருந்துச்சு. ஃபுல்லி கேரன்டீட்னும் இருந்துச்சு, அதாவது சரியா ஆடலன்னோ அடிபட்டுச்சுன்னோ சொல்லி சம்பளத்த நிறுத்த முடியாது. அங்க போய் மெடிக்கல் டெஸ்ட் முடிஞ்ச உடனே மேனேஜர் இன்னொரு பேப்பர நீட்டுறாரு, முழுக்க அவங்க மொழி. "இது ஃபெடரேஷன்ல ரிஜிஸ்டர் பண்றதுக்கு, சும்மா ஃபார்மாலிட்டி, இது போகலன்னா சனிக்கிழமை மேட்ச்ல நீ இறங்க முடியாது"ன்னு சொல்றாரு, ஏஜெண்ட்டுக்கு போன் போட்டா அவரும் எல்லாரும் போடுறது தான் போடுங்கறாரு.

அந்த பேப்பர்ல இருந்த சம்பளம் 500 யூரோ. பிரச்சனை வந்தா உள்ளூர் கோர்ட்னு ஒரு வரி. இதுக்கு முன்னாடி போட்ட ஒப்பந்தம் எதுவும் செல்லாதுன்னு கடைசியில இன்னொரு வரி. இதெல்லாம் எனக்கு தெரிஞ்சதே சம்பளம் நின்னு, அந்த மொழி தெரிஞ்ச ஒரு வக்கீல் படிச்சு சொன்னப்ப தான். வீட்ட விட்டு அவ்வளவு தூரம் வந்து நிக்கிற ஒருத்தன்கிட்ட மேட்ச காட்டி மிரட்டி இப்படி எழுதி வாங்குறது பச்ச துரோகம், வேற வார்த்தையே இல்ல.

முதல்ல சம்பளம் லேட்டாச்சு, ஸ்பான்சர் பணம் வரலன்னாங்க, அடுத்த வாரம் அடுத்த வாரம்னு இழுத்தாங்க. அப்புறம் ப்ராக்டிஸ்ல கணுக்கால் திரும்பிடுச்சு, ஸ்கேனுக்கு போனா தான் தெரியுது அவங்க இன்சூரன்ஸே எடுக்கலன்னு. கால ஊணி நடக்கவே முடியல, அந்த நேரத்துல உன் ஆட்டம் திருப்தியா இல்லன்னு ரிலீஸ் லெட்டர் குடுக்குறாங்க, வீட்ட காலி பண்ணுங்கறாங்க. விசாவும் அந்த கிளப் வேலைய வச்சு தான் இருந்துச்சு, அதனால அங்கயே தங்கி சண்ட போடவும் வழி இல்ல.

இதுக்கு மேல தான் ரொம்ப கேவலமான வேலை. இன்னொரு நாட்டு கிளப் என்ன கூப்பிட்டாங்க, அதுக்கு லெட்டர் ஆஃப் கிளியரன்ஸ் வேணும், அதாவது ஒரு நாட்டுல ஆடின ப்ளேயர் இன்னொரு நாட்டுக்கு மாற குடுக்குற அனுமதி லெட்டர். மேனேஜர் உடனே ஒரு பேப்பரோட வந்துட்டாரு, "கிளப் எனக்கு எந்த பாக்கியும் தர வேண்டியதில்ல"ன்னு எழுதி இருக்கு, இதுல கையெழுத்து போட்டா தான் லெட்டர் வரும்னாரு. நான் போடல. கூட இருந்தவன் போட்டுட்டான், அவனுக்கு வீட்ல நெருக்கடி, உடனே அடுத்த வேலை வேணும், அவன நான் குத்தமே சொல்ல மாட்டேன்.

இத மட்டும் நல்லா மனசுல வச்சுக்கோங்க. அந்த லெட்டர குடுக்குறது கிளப் கிடையாது. புது நாட்டு ஃபெடரேஷன் கேக்கும், பழைய நாட்டு ஃபெடரேஷன் குடுக்கணும். ஃபிபா (FIBA, உலக பேஸ்கட்பால் அமைப்பு, ஃபுட்பால் FIFA இல்ல) ரூல்படி மறுக்கிறதுக்கு ஒரே காரணம் தான் இருக்கு, ப்ளேயரோட கான்ட்ராக்ட் இன்னும் உயிரோட இருக்கணும். அவங்களே ரிலீஸ் லெட்டர் குடுத்துட்டு அப்புறம் கிளியரன்ஸ் லெட்டர் தரமாட்டேன்னு சொல்றது வெறும் மிரட்டல். எனக்கு கையெழுத்து போடாமலே வந்துச்சு.

இப்ப கேஸ் பேட்ல (BAT) இருக்கு, அதாவது ஃபிபா வச்ச பேஸ்கட்பால் ஆர்பிட்ரல் ட்ரிப்யூனல், ஜெனிவாவுல, 2007லிருந்து இந்த மாதிரி சம்பள கேஸ் பாக்குறாங்க. அங்க நேரா போகணும்னு கூட இல்ல, பெரும்பாலும் பேப்பர்லயே முடிஞ்சிடும். தீர்ப்பு வந்தும் கிளப் கட்டலன்னா புது ப்ளேயர்ஸ ரிஜிஸ்டர் பண்ண விடாம ஃபிபா தடை போடலாம், கிளப்புங்க பயப்படுறது அதுக்கு தான். ஆனா கான்ட்ராக்ட்ல பேட் க்ளாஸ், அதாவது பிரச்சனை வந்தா பேட்ல தான் தீர்க்கணும்ங்கற வரி, இருந்தா தான் அங்க போக முடியும். என் இங்கிலீஷ் கான்ட்ராக்ட்ல இருக்கு, கிளப் இப்ப அந்த ரெண்டாவது பேப்பர தூக்கி காட்டி இதான் செல்லும்னு வாதாடுது. கேஸ் போடவே ஃபீஸ் கட்டணும், அது திரும்ப வராது, சின்ன சம்பளம் வாங்குறவனுக்கு அதுவே பெரிய தொகை.

அதனால ஏஜெண்ட் என்ன சொன்னாலும் இங்கிலீஷ் கான்ட்ராக்ட்லயே பேட் க்ளாஸோட இன்னொரு வரியும் போட சொல்லுங்க, "உள்ளூர் மொழியில எந்த பேப்பர் போட்டாலும் இதுதான் செல்லும்"னு. சம்பளம் இத்தன நாள் லேட்டானா நான் ஆட வரமாட்டேன், ஆனா பணம் பாக்கி பாக்கி தான்னு ஒரு வரியும் கேளுங்க, நல்ல கிளப் இதுக்கு முகம் சுளிக்காது. தீர்ப்ப மதிக்காத கிளப்புங்க லிஸ்ட்ட ஃபிபா வெளியிடுது, லைசென்ஸ் இருக்குற ஏஜெண்ட் லிஸ்ட்டும் இருக்கு, ரெண்டையும் நீங்களே பாருங்க. ஏஜெண்ட்டுக்கு கமிஷன் பெரும்பாலும் கிளப் தான் குடுக்கும், அடுத்த வருஷமும் அதே கிளப்புக்கு அவரு ஆள் அனுப்பணும், என் சம்பளம் நின்னதும் அவரு ஏன் போன எடுக்கலன்னு இப்ப புரியுதா?

மேனேஜர் பேசினத எல்லாம் வாட்ஸப்ல வாங்கி வச்சுக்கோங்க, போன்ல பேசினா உடனே "நீங்க இப்ப சொன்னது இதுதானே"ன்னு ஒரு மெசேஜ் தட்டிடுங்க. "அடுத்த வாரம் கண்டிப்பா 2000 போட்டுடுறோம்"னு அவரு அனுப்பின மெசேஜ் தான் இப்ப என் கேஸ்ல பெரிய ஆதாரம்.