ஆர்.வி. வாடகைக்கு எடுப்பவர்களே, பேனலில் எரியும் விளக்கை நம்பாதீர்கள்

போன டிசம்பர் லீவுக்குக் குடும்பத்தோடு கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குப் போனோம். ஜம்போ ராக்ஸ் கேம்ப்கிரவுண்டில் மூன்று ராத்திரி. அங்கே கரன்ட் கனெக்‌ஷன் கிடையாது, தண்ணீர் கிடையாது. 4,400 அடி உயரம், ராத்திரி குளிர் எலும்பைத் துளைக்கும். இதையெல்லாம் சொல்லித்தான் படுக்கை, ஃப்ரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் உள்ளேயே இருக்கும் 25 அடி ஆர்.வி. வண்டியை வாடகைக்குக் கேட்டேன். புது பேட்டரி இரண்டு இருக்கிறது, மூன்று நாள் தாராளமாகத் தாங்கும் என்றார் வண்டிக்காரர். உள்ளே பேட்டரி சார்ஜைக் காட்டும் பேனலில் பட்டனை அழுத்தினார். நான்கு விளக்கும் பளிச்சென்று எரிந்தன. கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

முதல் ராத்திரியே சிக்கனமாகத்தான் இருந்தோம். ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடியது, இன்வெர்ட்டர் ஆஃப், ஒரே ஒரு எல்இடி விளக்கு. ஒன்றரை மணிக்கு ஹீட்டர் நின்றது. கேஸ் நிறைய இருந்தது. ஆனால் ஹீட்டரின் ஃபேனைச் சுற்ற வைப்பது பேட்டரி. அது ஒன்றே ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். ஃபேன் வேகமெடுக்காவிட்டால் பர்னர் பற்றாது. ஜெனரேட்டரை ஸ்டார்ட் செய்வதும் அதே பேட்டரிதான். ஸ்டார்ட் ஆகியிருந்தாலும் அந்த நேரத்தில் ஓட்ட முடியாது. அங்கே காலை 7-9, பகல் 12-2, மாலை 5-7 மட்டுமே அனுமதி. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா தன் கம்பளியையும் பேத்திமேல் போர்த்திவிட்டு, விடியும்வரை உட்கார்ந்தே இருந்தார். நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

விடிந்ததும் வாசல் படியின் மூடியைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு பேட்டரி வைக்கும் இடத்தில் ஒன்றுதான் இருந்தது, அதுவும் பழைய லெட் ஆசிட். பக்கத்தில் 'சி7' என்று வட்ட ஸ்டிக்கர். எழுத்து மாதம், எண் வருஷம்: 2017 மார்ச். பேட்டரியின் மூடியைத் திறந்தால் தண்ணீர் வற்றி, தகடுகள் வெளியே தெரிந்தன. மீட்டரில் 10.4 வோல்ட். இந்த வகையில் 12.2 காட்டினாலே பாதி காலி என்று அர்த்தம்.

அப்புறம்தான் உறைத்தது. வண்டியைக் காட்டியபோது வண்டியின் மஞ்சள் கரன்ட் கேபிள் அவர் கராஜில் செருகியிருந்தது. சார்ஜர் ஓடும்போது பேனல் காட்டுவது சார்ஜரின் 13.6 வோல்ட்டை. செத்த பேட்டரிக்கும் நான்கு விளக்கு எரியும்.

அதனால் முதலில் கேபிளைப் பிடுங்கச் சொல்லுங்கள். ஹீட்டரையும் எல்லா விளக்கையும் போட்டு அரை மணி நேரம் ஓடவிடுங்கள். பிறகு பேட்டரியிலேயே மீட்டர் வைத்துப் பாருங்கள். 12க்குக் கீழே இறங்கினால் அந்த வண்டி வேண்டாம். பேட்டரியையும் ஸ்டிக்கரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை ஸ்டார்ட் செய்யும் தனி எஞ்சின் பேட்டரியிலிருந்து கரன்ட் வாங்கி ஜெனரேட்டரைக் கிளப்பும் எமர்ஜென்சி ஸ்டார்ட் சுவிட்ச் எங்கே என்று கட்டாயம் கேளுங்கள். எங்கள் வண்டியில் அது ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருந்தது. அவர் மூச்சுவிடவில்லை, இரண்டாம் நாள் நானாகக் கண்டுபிடித்தேன்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்ததும், பேட்டரியை நாங்கள்தான் வடியவிட்டுக் கெடுத்தோம் என்று டெபாசிட்டில் 350 டாலர் பிடித்துக்கொண்டார். படங்களை அனுப்பினேன், பதிலே இல்லை. அந்த ஸ்டிக்கர் படத்தை வைத்துத்தான் கிரெடிட் கார்டு கம்பெனியில் டிஸ்ப்யூட் போட்டிருக்கிறேன்.