மதிப்பெண் பட்டியலா, கோட்டு வரைபடமா?

வாராவாரம் வைக்கும் வாசிப்புத் தேர்வில் யார் எவ்வளவு என்று சட்டெனத் தேட, மதிப்பெண் பட்டியல் போதும். ஆனால் ஒரு பிள்ளையின் 4, 5, 5, 7, 6, 8 என்ற மதிப்பெண்களைப் புள்ளிகளாக வைத்து இணைத்துப் பாருங்கள். நடுவே ஒரு சறுக்கல் இருந்தாலும் கோடு மேலேதான் போகிறது. அந்த 6-ஐ மட்டும் பார்த்திருந்தால் திட்டியிருப்போம். ஸ்காட்லாந்துப் பொறியாளர் வில்லியம் பிளேஃபேர் 1786-லேயே வணிகக் கணக்குகளை இப்படிக் கோடாக வரைந்து காட்டினார்.

என் ஓட்டு, கோட்டு வரைபடத்துக்குத்தான். செங்குத்து அச்சை மட்டும் 0-இல் தொடங்குங்கள்; 4-இல் தொடங்கினால் சின்ன ஏற்றமும் மலைபோலத் தெரியும். அப்புறம், வகுப்பின் சராசரிக் கோடு மட்டும் போதாது. சராசரி ஏறும்போதே பின்தங்கும் பிள்ளை அதில் மறைந்துவிடும். ஒவ்வொருவருக்கும் தனிக் கோடு வேண்டும்.