பிளக்ட் இன்: பிள்ளைகளுக்குப் படம் போடும் முன்

இந்தப் படத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கலாமா என்று எங்கள் சர்ச்சில் யார் கேட்டாலும் முதலில் வருகிற பதில் "பிளக்ட் இன்ல பாருங்க" என்பதுதான். நாங்கள் இருப்பது டெக்சாஸில், இங்கே இந்தப் பெயர் சர்வசாதாரணம், ஊரில் நிறையப் பேருக்குத் தெரியாது. ஜேம்ஸ் டாப்சன் என்ற உளவியலாளர் 1977இல் தொடங்கிய ஃபோக்கஸ் ஆன் த ஃபேமிலி என்ற அமைப்பு, கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருந்துகொண்டு நடத்தும் விமர்சனத் தளம் இது. சினிமா, டிவி தொடர், வீடியோ கேம், பாட்டு, யூடியூப் சேனல் என எல்லாவற்றையும் பற்றி எழுதுகிறார்கள். படிக்கக் காசு வேண்டாம்.

படம் நன்றாக இருக்கிறதா என்பது இவர்களுக்கு இரண்டாம் பட்சம். படத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். ஒவ்வொரு விமர்சனமும் ஒரே வரிசையில் போகும்: நல்ல அம்சங்கள், ஆவிக்குரிய விஷயங்கள் (கடவுள், ஜெபம், மந்திரம் மாதிரி), பாலியல், வன்முறை, கெட்ட வார்த்தை, மது போதை, மற்றவை, அப்புறம் முடிவுரை. அமெரிக்க பிஜி (பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம்) சான்றிதழைப் பார்த்தால் எதற்காக அது கொடுக்கப்பட்டது என்று ஒரே வரிதான் இருக்கும். இந்தியாவில் 2024இலிருந்து யு/ஏவை 7+, 13+, 16+ என்று பிரித்திருக்கிறார்கள், நல்லதுதான், ஆனால் ஏன் 13 என்று அந்த எண் சொல்லாது. இங்கே அந்த 'ஏன்' மட்டும்தான் பக்கம் பக்கமாக இருக்கும். மூவிகைட் என்று இன்னொரு கிறிஸ்தவத் தளம் கழித்தல் 4இலிருந்து கூட்டல் 4 வரை மதிப்பெண் போடுகிறது. எனக்கு அது சரிப்படவில்லை, இந்த எண்ணை வைத்துக்கொண்டு நான் பிள்ளையிடம் என்ன விளக்கம் சொல்வது?

எண்ணிக்கை விஷயத்தில் பிளக்ட் இன் ஆட்கள் அசராதவர்கள். கெட்ட வார்த்தைகளை ரகம் பிரித்து எண்ணுகிறார்கள். சாப்பாட்டு மேசையில் ஒயின் கிளாஸ் இருந்தால் அதையும் குறித்துவைப்பார்கள், படிக்கச் சிரிப்பு வரும். ஆனால் கடவுள் பெயரை வீணாகச் சொல்வதைத் தனியாக எண்ணுவது எனக்கு நிஜமாகவே உதவுகிறது. சண்டே கிளாஸில் பத்துக் கட்டளை மனப்பாடம் பண்ணிய பிள்ளை ரெண்டு கார்ட்டூன் பார்த்துவிட்டு வரிக்கு வரி "ஓ மை காட்" போடுவதை எங்கள் வீட்டில் யாரும் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்வதில்லை.

குறைகள்? கதையை மிச்சம் வைக்க மாட்டார்கள். சஸ்பென்ஸ் படமாக இருந்தால் கதைச் சுருக்கத்தைத் தாண்டிப் போகாதீர்கள், கீழே கிளைமாக்ஸே கிடக்கும். அமைப்பு அமெரிக்க வலதுசாரி கிறிஸ்தவத்தின் முக்கியமான குரல்களில் ஒன்று, அந்தச் சாய்வு விமர்சனத்திலும் தெரியும். தெரிந்துகொண்டு படித்தால் போதும். தமிழ்ப் படங்களுக்கு இது உதவாது. ஒரு குத்துப்பாட்டுக்கு எத்தனை பத்தி எழுதுவார்கள் என்று பார்க்க எனக்கு ஆசைதான்.

என் பெரிய குறை வேறு. இவர்கள் பயப்படுவதும் நாம் பயப்படுவதும் ஒன்றல்ல. மந்திரம் வருகிற படத்துக்கு எந்த மந்திரம், யார் யார்மேல் ஏவினார்கள் என்று விவரமாகப் பட்டியல் போட்டுவிட்டு, கற்பனைக் கதைதானே, பிள்ளைகளோடு பேசித் தீர்மானியுங்கள் என்கிற தொனியில் முடிப்பார்கள். இங்கே பல வீடுகளில் கிறிஸ்தவ எழுத்தாளர் சி.எஸ். லூயிஸின் நார்னியா சரி, ஹாரி பாட்டர் கூடாது என்று ஒரு கோடு உண்டு, சூனியக்காரி இரண்டிலும்தான் இருக்கிறாள். ஆனால் தூத்துக்குடிப் பக்கம் நாசரேத்தில் சி.எஸ்.ஐ.யில் (தென்னிந்தியத் திருச்சபை) வளர்ந்து பிறகு பெந்தெகொஸ்தே சபைக்குப் போன என் மாமியாருக்கு இதில் கற்பனை என்று எதுவும் கிடையாது. செய்வினை, பில்லி சூனியம் எல்லாம் பக்கத்துத் தெருவில் நடந்தது என்று சொல்லி வளர்த்த தலைமுறை. சூனியம் கூடாது என்கிற வேதாகமப் பகுதியான உபாகமம் 18ஐ எடுத்துக் காட்டிவிட்டு "டிவியை நிறுத்தும்மா" என்பார். அவருக்கும் என் மகனுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிற எனக்கு கொலராடோவில் எழுதிய முடிவுரை என்ன செய்யும்?

கோகோ படம் இன்னும் நல்ல உதாரணம். 2017இல் வந்த பிக்சார் படம், மெக்சிகோவின் மரித்தோர் நாளைப் பற்றியது. வீட்டுப் பலிபீடத்தில் போட்டோ வைத்தால்தான் இறந்தவர் செண்டுமல்லிப் பாலம் ஏறி வீட்டுக்கு வர முடியும், எல்லோரும் மறந்துவிட்டால் இறந்தவர்கள் உலகத்திலும் காணாமல் போய்விடுவார். வேதாகமத்தில் இல்லாத மறுவுலகம் என்று ஓர் அமெரிக்கக் குடும்பம் ஒரு வரியில் பேசிவிட்டுப் படத்தை ரசித்துவிடும். நம் வீட்டில் அப்படி முடியாது. என் அம்மா வீடு தூத்துக்குடிக் கத்தோலிக்கர். நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குக் கல்லறையைக் கழுவி, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, பாதிரியார் வந்து ஆசீர்வதிக்கும் வரை காத்திருந்த ஆட்கள் நாங்கள். கணவர் வீட்டில் இறந்தவர் போட்டோவுக்கு மாலை போடுவதே பஞ்சாயத்து. படம் முடிந்ததும் மகள் கேட்டது மெக்சிகோவைப் பற்றி இல்லை, "தாத்தா போட்டோவுக்கு ஏன் இங்க பூ வைக்கிறதில்ல?" என்றுதான். அதற்கு எந்தத் தளத்திலும் பதில் கிடையாது, நானும் கணவரும் பேசித்தான் ஒரு பதில் சொன்னோம்.

பண்டிகை என்று வந்தால் இன்னும் மோசம். அக்டோபர் 31 வந்துவிட்டால் ஹாலோவீன் படங்களைச் சலித்தெடுக்க பிளக்ட் இன் கைகொடுக்கும், வேஷம் போட்டுத் தெருவில் வீடு வீடாகச் சாக்லேட் வாங்கப் போகலாமா என்பதை நாம்தான் முடிவு பண்ண வேண்டும். சில சர்ச்சுகள் கார் டிக்கியை அலங்கரித்து பார்க்கிங்கிலேயே மிட்டாய் கொடுக்கின்றன, சில அதையே ஹார்வெஸ்ட் ஃபெஸ்டிவல் என்று பெயர் மாற்றி நடத்துகின்றன. போனில் இதைச் சொன்னபோது மாமியார் "அறுப்பின் பண்டிகையா? ஏலம் உண்டா?" என்று சந்தோஷமாகக் கேட்டார், ஊர் சர்ச்சில் காணிக்கையாக வந்த விளைச்சலை ஏலம் விடுகிற பண்டிகை என்று நினைத்துவிட்டார். பேய் வேஷம் போடாத ஹாலோவீன் என்று விளக்கியதும் குரல் மாறிவிட்டது. ஊரில் மட்டும் என்ன, சர்ச் வளாகத்தில் பொங்கல் வைக்கிற கத்தோலிக்கப் பங்குகளும் இருக்கின்றன, கிறிஸ்துமஸே கொண்டாடாத சபைகளும் இருக்கின்றன. நாள், சாப்பாடு விஷயத்தில் ஒருவரையொருவர் குற்றவாளியாகத் தீர்க்காதீர்கள் என்கிற ரோமர் 14ஐ இரண்டு பக்கமும் எடுத்துக் காட்டுவார்கள். எங்கள் வீட்டில் இப்போதைக்கு வேஷம் உண்டு, பேய் பிசாசு கிடையாது, சர்ச் பார்க்கிங்கோடு சரி.

5க்கு 3.5 கொடுப்பேன். பத்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் 'ஆவிக்குரிய விஷயங்கள்', 'வன்முறை' இரண்டையும் மட்டும் படித்தாலே பாதி வேலை முடிந்தது. பெரிய பிள்ளைகள் என்றால் சினிமாவை விட கேம், யூடியூப் பகுதிகள்தான் பிரயோஜனம், அவர்கள் அங்கேதான் குடியிருக்கிறார்கள். முடிவுரையைக் கடைசியில் படியுங்கள், முதலில் படித்தால் பட்டியலைப் படிக்கவே மாட்டீர்கள்.