மாட்டுங்கா மாமியிடம் வாங்கிய பலகாரத் தட்டு

போன ஜூலையில் மகள் கல்யாணம் பேச, புனேயிலிருந்து 14 பேர் மும்பை செம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மராட்டிக் குடும்பம். சாப்பாடு வேண்டாம், டீ போதும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். டீயோடு நம் ஊர்ப் பலகாரம்தான் வைக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருந்தேன்.

மாட்டுங்காவில் வீட்டிலேயே பலகாரம் செய்து கொடுக்கும் ஒரு மாமியிடம் சொன்னேன். போனில் அவர் கேட்ட முதல் கேள்வியிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "எத்தனை பேர்னு அப்புறம் சொல்லுங்கோ. டீ மட்டுமா, பின்னாடி சாப்பாடு இருக்கா?" டீ மட்டும் என்றதும் ஆளுக்கு 100 கிராம் காரம், ஒரு இனிப்பு என்று கணக்குப் போட்டார். தேன்குழல், கைமுறுக்கு, தட்டை, ரிப்பன் பக்கோடா, உப்புச் சீடை எல்லாம் சேர்த்து ஒன்றரைக் கிலோ. அதிரசம் 16. வெல்லப்பாகில் புரட்டிய மனோகரம் கால் கிலோ. மொத்தம் 1,560 ரூபாய். நான்கு நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிரச மாவைப் பாகில் கிளறி வைத்து ஊறவிட வேண்டும். அவசரத்துக்குச் சுட்டால் எண்ணெயில் பிரிந்துவிடும்.

தட்டு முழுக்க வாழையிலை விரிக்க வேண்டும் என்பது என் ஆசை. மாமி ஒத்துக்கொள்ளவில்லை. "மழைக்காலம். பச்சை இலை மேல முறுக்கை வச்சா அரை மணியில நமுத்துப் போயிடும்." அதிரசத்துக்கு அடியில் மட்டும் துடைத்த வாழையிலைத் துண்டு, காரத்துக்கெல்லாம் காய்ந்த மந்தார இலை. அதிரசமும் முறுக்கும் ஒரே டப்பாவில் போகவே கூடாது என்று தனித்தனியாகக் கட்டினார். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டவள். போன தீபாவளிக்கு வேறொரு கடையில் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்துக் கொடுத்தார்கள். வீடு வந்து திறந்தால் தட்டை வளைகிறது.

ருசிக்கு வருகிறேன். கைமுறுக்குதான் தட்டின் ராஜா. ஐந்து சுற்று, தேங்காயெண்ணெய் மணம், கடித்தால் மொறுமொறுவென்று உடைந்து உடனே கரைகிறது. கையால் முறுக்கியது என்பது அந்தச் சுற்றைப் பார்த்தாலே தெரியும், அச்சில் அது வராது. தேன்குழலில் சீரகம் அளவாக இருந்தது. மனோகரத்தில் பாகு சரியான பதம், பல்லில் ஒட்டவில்லை.

குறை இரண்டு. ரிப்பன் பக்கோடாவில் மிளகாய்த்தூள் தூக்கல், கூட வந்த சின்னப் பெண் ஒரு கடியிலேயே தண்ணீர் கேட்டாள். சீடை உள்ளே கட்டியாக இருந்தது. பெரியவர் ஒருவர் பல்செட் போட்டிருந்தார், ஒன்றை வாயில் போட்டு அப்படியே எடுத்துவிட்டார், எனக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. வயதானவர்கள் வருகிறார்களா என்றும் மாமி கேட்டிருக்கலாம். நானும் சொல்லியிருக்க வேண்டும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதில்லை, நாம்தான் போய் எடுக்க வேண்டும். ஆட்டோ சயானைத் தாண்டி அந்தப் பக்கம் வராது, டாக்சியில் போனேன். முறுக்கு டப்பாவை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலத்தை மறக்கவே முடியாது. முதல் பத்து நிமிடம் யாரும் தட்டைத் தொடவில்லை. பிறகு மாப்பிள்ளையின் அம்மா அதிரசத்தை எடுத்துப் புரட்டிப் பார்த்து, "இது எங்க அனாரசே!" என்றார். அவர்களும் அரிசியை ஊறவைத்து, இடித்து, வெல்லம் சேர்த்துத்தான் செய்வார்களாம், ஊறவைப்பது மட்டும் மூன்று நாள். ஒரு பக்கம் கசகசாவும் ஒட்டுவார்கள். அப்புறம் தேன்குழலை எடுத்து, எங்கள் ஊர் முறுக்கான சக்லிக்கு முள் உண்டே, இதற்கு ஏன் இல்லை என்று கேட்டார். முள் அச்சில் வருவது, எங்கள் அச்சின் கண் வெறும் வட்டம்; மாவும் வேறு, சக்லிக்கு அரிசியோடு பருப்புகளையும் வறுத்து அரைப்பார்கள், எங்களுடையது அரிசியும் உளுந்தும் என்று நான் சொல்ல, அடுப்படி வரைக்கும் பேச்சு போய்விட்டது. தேதி குறித்தது அதற்குப் பிறகுதான்.

கிளம்பும்போது அவர் கேட்டு வாங்கிக்கொண்டது மிச்சமிருந்த நான்கு கைமுறுக்கு. கல்யாணச் சீருக்கு ஏழு சுற்று முறுக்கு மாமியிடமே சொல்லியாகிவிட்டது, இந்த முறை சீடை வேண்டாம் என்றும். நீங்கள் சொல்வதாக இருந்தால் மதியம் 2 மணிக்கு மேல் கூப்பிடுங்கள். காலையில் மாமி அடுப்படியில் இருப்பார், போனை எடுக்க மாட்டார்.