குறைந்த செலவில் கிளைடர் போட்டி: 1-26, பிடபிள்யூ-5, பழைய கிளப் வகுப்பு

எஞ்சின் இல்லாத விமானமான கிளைடரில் பழைய ஒன்றை வாங்கித் தொலைதூரப் போட்டியில் இறங்க நினைப்பவரின் கண் முதலில் போவது சறுக்கு விகிதத்தின் மேல்தான். ஷ்வைட்சர் 1-26க்கு 23, பிடபிள்யூ-5க்கு சுமார் 32, ஸ்டாண்டர்ட் சிர்ரஸ், ஸ்டாண்டர்ட் லிபெல்லே இரண்டுக்கும் 37-38. காற்று அசையாத வானில் 1,000 மீட்டர் உயரத்தைச் செலவழித்தால் அத்தனை கிலோமீட்டர் போகலாம். ஆனால் வாங்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இதை வைத்துக்கொண்டு யாரோடு மோதப்போகிறோம்?

1-26 முதலில் பறந்தது 1954-ல். இறக்கை நீளம் 12.2 மீட்டர், மொத்தம் சுமார் 700 தயாராயின. எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்திய உடல். கடைசி மாடலான 1-26இ-யில் மட்டும் அலுமினிய உடல். அமெரிக்காவில் இதற்கென்றே தனிச் சங்கமும் சாம்பியன்ஷிப்பும் உண்டு. எல்லோர் கையிலும் ஒரே விமானம் என்பதால், பின்தங்கினால் கிளைடரைக் குறை சொல்ல வழியில்லை. அடுத்த தெர்மல் (மேலெழும் சூடான காற்று) கிடைக்காவிட்டால் சீக்கிரமே வயலில் இறங்க வேண்டிவரும். மெதுவாக இறங்குவதால் சின்ன வயலும் போதும். அமெரிக்காவுக்கு வெளியே இதை வாங்குவதில் பொருளில்லை, சண்டை போட ஆளிருக்காது.

அதே யோசனையை உலகம் முழுக்கக் கொண்டுபோகப் பிறந்தது போலந்தின் பிடபிள்யூ-5. 13.44 மீட்டர் இறக்கை, வெற்று எடை சுமார் 190 கிலோ. உள்ளிழுக்காத சக்கரம் என்பதால், சக்கரத்தை இறக்க மறந்து தரையைத் தேய்க்கும் பேச்சே இல்லை. 1997-ல் துருக்கியில் 'உலக வகுப்பு' சாம்பியன்ஷிப் இதை வைத்துத்தான் நடந்தது. வகுப்பு நிலைக்கவில்லை. ஏறக்குறைய அதே பணத்துக்கு 38 விகிதமுள்ள பழைய கண்ணாடியிழை கிளைடர் கிடைக்கும்போது 32-ஐ எத்தனை பேர் வாங்குவார்கள்? இன்று 13.5 மீட்டர் வகுப்பில் இதற்கு இடமுண்டு. ஆனால் அங்கே எதிரே நிற்பவை இதைவிடப் புதிய, வேகமான வடிவங்கள்.

மிச்சம் கிளப் வகுப்பு. 1960-70களின் 15 மீட்டர் கிளைடர்கள், வேகத்துக்காக இறக்கையில் ஏற்றும் தண்ணீர் பாரம் கிடையாது, வேறுபாட்டை ஹேண்டிகேப் (கிளைடரின் திறனுக்கேற்ற எண்ணால் வேகத்தை வகுப்பது) சரிக்கட்டும். சரிக்கட்டுமா என்பதுதான் விஷயம். காற்றில்லாத நாளில் சராசரி 80 கிமீ வேகத்தில் போகும் கிளைடருக்கு 1.00, 60 கிமீ போவதற்கு 0.75 என்று வைத்துக்கொள்வோம், இரண்டும் சமம். இப்போது 30 கிமீ காற்றில் 100 கிலோமீட்டர் எதிர்த்துப் போய்த் திரும்ப வேண்டும். தெர்மலில் சுற்றும்போதும் கிளைடர் காற்றோடு பின்னால் நகர்வதால், காற்றின் வேகம் சராசரியிலிருந்து அப்படியே கழியும். முதலாவது போகும்போது 50, வரும்போது 110: பயணச் சராசரி கிட்டத்தட்ட 69. இரண்டாவது 30, 90: சராசரி 45. அதை 0.75-ஆல் வகுத்தாலும் 60-தான் வரும். ஷ்லைஷர் கா-6 போன்ற மரக் கிளைடரோடு காற்றடிக்கும் நாட்டில் போட்டிக்குப் போகிறவர் இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டே போகட்டும். லிபெல்லே, சிர்ரஸ், ஏஎஸ்டபிள்யூ-15, ஆஸ்டிர் நான்கும் நெருங்கிய திறன் கொண்டவை. ஆகவே அவற்றுக்குள் ஹேண்டிகேப்புக்கு வேலை குறைவு, போட்டி உண்மையாகவே சூடாக இருக்கும். எங்கள் தேர்வு இந்தக் கூட்டம்தான்.

அதற்குள் எது? லிபெல்லே வெறும் 185 கிலோ, பூட்டுவது (இறக்கைகளை உடலோடு இணைப்பது) சுலபம். ஆனால் ஏர்பிரேக் (இறங்கும்போது இறக்கையிலிருந்து எழுப்பும் தடுப்புத் தட்டு) பலவீனம், குட்டை வயலில் வேகம் கூடிவிட்டால் மிதந்துகொண்டே போகும். சிர்ரஸின் பின் கிடைவால் முழுதாக அசையும் வகை. ஸ்டிக்கில் (கட்டுப்பாட்டுக் கோலில்) எடையே தெரியாது, கிளைடரை மேலே இழுத்துச்செல்லும் விமானத்தின் பின்னால் புதியவர் மேலும் கீழுமாகத் துள்ளுவார். ஆஸ்டிர் சுமார் 255 கிலோ. பறக்கும்போது அந்தக் கனம் தெரியாது: இறக்கைப் பரப்பு 12.4 சதுர மீட்டர், லிபெல்லேவுக்கு 9.8, 90 கிலோ பைலட்டுடன் இரண்டுக்கும் சதுர மீட்டருக்கு சுமார் 28 கிலோதான். கனமெல்லாம் இறக்கையைத் தூக்கிப் பூட்டுபவரின் முதுகுக்கு. முதல் கிளைடர் என்றால், இடவசதியும் சாதுவான குணமும் உள்ள ஆஸ்டிருக்கே எங்கள் ஓட்டு.

கண்ணாடியிழையில் பெரிய செலவு ஜெல்கோட் எனும் வெளிப்பூச்சு. வெயிலும் மேலே உள்ள குளிரும் அதை வெடிக்கவைக்கும். முழுவதும் சுரண்டிப் புதுப்பிக்கும் கூலி கிளைடரின் விலையையே எட்டிவிடக்கூடும். மேலோட்டமான மயிரிழை விரிசலோடு பல காலம் பறக்கலாம். விரிசல் இழைக்குள் இறங்கியிருந்தால் விலகிவிடுங்கள்.

அந்தக் காலத்து ஜெர்மன் கிளைடர்கள் பலவற்றில் ஏலரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கை மடிப்பு), ஏர்பிரேக் தண்டுகளைக் கையால் மாட்ட வேண்டும். அதற்கான லோட்டலியே வகைப் பந்து இணைப்பு சரியாகப் பூட்டினால்தான் பாதுகாப்பு ஊசி துளையில் நுழையும். நுழையாவிட்டால் கழற்றி மறுபடி மாட்டுங்கள். பிறகு ஒருவர் ஏலரானைக் கையால் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் காக்பிட்டில் ஸ்டிக்கை அசைத்துப் பார்ப்பது கட்டாயம். இணைக்காத ஏலரானோடு மேலே போய் இறந்தவர்கள் உண்டு.

டிரெய்லரையும் கிளைடரைப் பார்க்கிற அதே கண்ணோடு பாருங்கள். டயர், அச்சு, விளக்கு, இறக்கை உட்காரும் தாங்கிகள், உள்ளே ஈரம். வயலில் இறங்கிய கிளைடரை இருட்டில், சேற்றில், இரண்டே பேர் கழற்றி ஏற்ற வேண்டியிருக்கும். வாங்கும் அன்றே விற்பவர் முன்னால் ஒருமுறை கழற்றி, ஏற்றி, இறக்கி, பூட்டிப் பார்த்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள்.