தொங்கும் சக்குலன்ட் ரீபாட்டிங் கிட்: தொட்டிக்குக் காசு கொடுக்கலாம், மண்ணுக்கு வேண்டாம்

பச்சை முத்துகளைக் கோத்ததுபோல் கொடி தொங்கும் சக்குலன்ட் (இலையில் நீரைச் சேமிக்கும் செடி) ஸ்ட்ரிங் ஆஃப் பேர்ல்ஸ். அதை ஆன்லைனில் தேடினாலே கூடவே வந்து நிற்கும் பொருள், செடியை வேறு தொட்டிக்கு மாற்றுவதற்கான இந்த ரீபாட்டிங் கிட். விற்பவர் பெயர் மாறினாலும் பெட்டிக்குள் இருப்பது ஏறக்குறைய ஒன்றுதான்: ஆறு அங்குல வெள்ளைப் பிளாஸ்டிக் தொட்டி, அடியில் மாட்டும் தட்டு, மூன்று கை வைத்த கொக்கி, இரண்டு கிலோ ‘சக்குலன்ட் மிக்ஸ்’, ஒரு பிடி பெர்லைட் (பொரித்த எரிமலைக் கல், வெள்ளையாக லேசாக இருக்கும்), வெள்ளைக் கூழாங்கல், ஓட்டைகளை மூட வலைத் துண்டு, சின்னக் கரண்டி, ஸ்பிரே பாட்டில், உரப் பொட்டலம், செய்முறைச் சீட்டு. இதில் தொட்டியும் வலையும் உருப்படியானவை. கலவையை அப்படியே போட்டால் சென்னை, திருச்சி, மதுரை வெக்கையில் வேர் அழுகும். சீட்டில் உள்ளதை வரி பிசகாமல் செய்தால் இன்னும் சீக்கிரம் அழுகும்.

இந்தச் செடிக்குச் சொந்த ஊர் தென்னாப்பிரிக்காவின் ஈஸ்டர்ன் கேப் பக்கத்து வறண்ட நிலம். அங்கே இது தொங்குவதில்லை. புதர் நிழலிலும் பாறை ஓரத்திலும் தரையோடு படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டுக்கொண்டே போகும். வேர் மேலாகவே ஓடும், மெல்லியது. தண்ணீரெல்லாம் அந்த உருண்டை இலைகளில்தான் இருப்பு. அதனால் ஆழமான தொட்டியும் ஈரம் பிடிக்கிற மண்ணும் இதற்குச் சுமை. கிட்டைத் தயாரித்தவர்கள் மணி பிளான்ட்டை மனதில் வைத்துக்கொண்டு லேபிளை மட்டும் மாற்றிவிட்டார்களோ என்று தோன்றுகிறது.

முதலில் கலவை. பொட்டலத்தைப் பிரித்துக் கையில் அள்ளினாலே தெரியும், பெரும்பகுதி கோகோ பீட், அதாவது தேங்காய் நார்த் தூள். மீதி மண்புழு உரம், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு, அங்கங்கே வெள்ளையாகப் பெர்லைட். கோகோ பீட் தன் எடையைவிடப் பல மடங்கு நீரைப் பிடித்து வைக்கும். மண்புழு உரம் பொடிப் பொடியாக இருப்பதால் காற்று போக வேண்டிய இடைவெளியையும் அடைத்துவிடும். இரவிலும் சூடு தணியாத ஊரில், நனைந்த மண்ணுக்குள் வேருக்கு ஆக்ஸிஜன் கிடைக்காது. அழுகல் பூஞ்சைக்கு அதைவிட வசதியான இடம் இல்லை. நன்றாகக் கழுவாத கோகோ பீட் என்றால் உப்பும் சேர்ந்துகொள்ளும்.

கலவையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை, அளவைக் குறைத்தால் போதும். ஆறு அங்குலத் தொட்டிக்கு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் கலவை பிடிக்கும். கிட்டில் வந்ததில் அரை லிட்டர், தனியாக வாங்கிய பெர்லைட் அரை லிட்டர், உடைத்த செங்கல் சில்லு அரை லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். கூடுதல் எதற்கென்றால், பொடி சில்லுகளுக்கு இடையில் இறங்கிவிடுவதால் மூன்றையும் கலந்தபின் அளவு குறையும். செங்கல் 3 முதல் 6 மில்லிமீட்டர், அதாவது துவரம்பருப்பு அளவில் இருக்க வேண்டும். மாவுச் சல்லடையில் சலித்துத் தூளை நீக்கி, ஒருமுறை கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள். பியூமிஸ் (துளைகள் நிறைந்த லேசான எரிமலைக் கல்) கிடைத்தால் செங்கலுக்குப் பதில் அதுவே போதும். எம்-சாண்டைச் சலிக்காமல் போடக் கூடாது, அதிலுள்ள கல்தூள் நனைந்ததும் இடைவெளிகளையெல்லாம் மூடிவிடும். பெர்லைட்டைக் கொட்டும் முன் லேசாக நீர் தெளித்துக்கொண்டால் தூசி மூக்கில் ஏறாது. கிட்டில் தரும் ஒரு பிடி பெர்லைட் கண்துடைப்பு.

கலவை சரியா என்று பார்க்க, அடியில் ஓட்டை போட்ட பழைய கப்பில் நிரப்பி நீர் ஊற்றுங்கள். மேலே குளமாக நிற்காமல் உடனே இறங்கிச் சில விநாடிகளில் கீழே ஒழுகத் தொடங்க வேண்டும். நனைந்ததைக் கையில் பிடித்து விட்டால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும். நின்றால் இன்னும் சில்லு சேருங்கள். மிஞ்சும் கிட் கலவை செம்பருத்திக்கோ மணி பிளான்ட்டுக்கோ நன்றாகவே உதவும்.

அடுத்தது கூழாங்கல். வடிகாலுக்காக அடியில் ஓர் அங்குலம் பரப்பச் சொல்கிறது சீட்டு. நம் ஊரிலும் பலர் காலங்காலமாகச் செய்வதுதான், ஆனாலும் பலன் நேர்மாறானது. நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கல் இடுக்குக்கு நீர் சுலபத்தில் இறங்காது. மண்ணின் அடிப்பகுதி முழுக்க நனைந்தபிறகே சொட்டும். தொட்டி அடியில் நிற்க வேண்டிய ஈரம் ஓர் அங்குலம் மேலேறி வேர்ப் பக்கம் வந்து நிற்கும், அவ்வளவுதான். ஓட்டை மேல் வலைத் துண்டு மட்டும் போதும். வெள்ளைக் கல்லை மேலே அழகுக்குப் பரப்புவதென்றாலும், கொடிகள் மண்ணில் வேர் பிடித்து முடித்தபின் செய்யுங்கள்.

தொட்டியின் வெள்ளை நிறம் நல்ல தேர்வு. கறுப்புப் பிளாஸ்டிக் வெயிலில் கொதித்து வேரை வேகவைக்கும். ஓட்டைகள் நாலைந்து இருந்தாலும் சில கிட்களில் அவை பாதி மூடியபடியே வருகின்றன. சூடான சால்டரிங் அயர்னால் 6 முதல் 8 மில்லிமீட்டர் வரை திறந்துவிடுங்கள். அடியில் கிளிக்கென்று மாட்டும் தட்டுதான் பெரிய வில்லன். வடிந்த நீர் அதில் தேங்கி மீண்டும் மேலேறும், தொங்கும் உயரத்தில் அது கண்ணிலும் படாது. கழற்றிவிடுங்கள். கீழ்வீட்டுக்காரர் காயப்போட்ட துணிமேல் சொட்டுமே என்றால், நீர் ஊற்றும் நாளில் தொட்டியை இறக்கிச் சிங்க்கில் வைத்து ஊற்றி, அரைமணி நேரம் வடியவிட்டு மாட்டுங்கள்.

கொக்கி பிளாஸ்டிக். நீர் ஊற்றியதும் தொட்டி இரண்டு கிலோ வரை கனக்கும், மொட்டை வெயிலில் பிளாஸ்டிக் நாளடைவில் நொறுங்கும். நிழலான பால்கனிக்குச் சரி. மாடிக்கு என்றால் இரும்புக் கடையில் சங்கிலி வாங்குங்கள். ஐந்து அங்குலத் தொட்டி உள்ள கிட் கிடைத்தால் அதையே எடுங்கள். நர்சரியிலிருந்து செடி பெரும்பாலும் நாலு அங்குலக் கப்பில்தான் வருகிறது. வேர்க்கட்டியைவிட இரண்டு மூன்று சென்டிமீட்டர் அகலம் கூடினால் போதும், அதற்கு மேல் போனால் வேர் எட்டாத மண் ஈரத்தோடு கிடக்கும்.

மாற்றுவதற்குத் தை, மாசி மாதங்கள் தோதானவை. அக்னி நட்சத்திரத்திலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் தொடாதீர்கள். நாலைந்து நாள் முன்பே நீரை நிறுத்திவிட்டால் கொடி சற்றுத் துவண்டு வளைந்து கொடுக்கும். நீர் ததும்பும் நிலையில் தொட்டால் முத்துகள் உதிரும். கொடிகளைச் சேர்த்துச் செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றி மேலே மடித்துக்கொண்டு, கப்பைக் கவிழ்த்து அழுத்தினால் வேர்க்கட்டி வந்துவிடும். கொடியைப் பிடித்து இழுக்கக் கூடாது. நடுவில் மெல்லிய வலை சுற்றிய சின்னப் பீட் கட்டி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். பல நர்சரிச் செடிகளில் இருக்கும். வலையைக் கத்தரித்து எடுக்காவிட்டால் சுற்றிலும் எவ்வளவு நல்ல மண் போட்டாலும் நடுப்பகுதி மட்டும் ஈரமாகவே இருந்து, தண்டு சேரும் இடத்தில் அழுகும்.

பழைய கோகோ பீட்டில் உதிர்வதை மட்டும் உதிர்த்துவிட்டு மற்றதை விட்டுவிடுங்கள், வேரைக் கழுவ வேண்டாம். கறுத்துக் குழைந்த வேரை வெட்டினால் ஒருநாள் நிழலில் ஆறவிடுங்கள். வைக்கும்போது செடியின் தலைப்பகுதி தொட்டி விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டர் கீழே நிற்கட்டும். விளையாட்டுக் கரண்டி இங்கே உதவாது, ஐஸ்கிரீம் குச்சியால் கலவையை ஓரத்தில் இறக்கித் தொட்டியை லேசாகத் தட்டுங்கள். கையால் அழுத்த வேண்டாம். செடி பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டால் தலைக்கு வெளிச்சமும் காற்றும் எட்டாது. மேலே மொட்டையாகி, கீழே மட்டும் கொடி தொங்கும் செடிகளின் கதை பெரும்பாலும் இதுதான். தொட்டியைக் கூரையோடு ஒட்டி மாட்டினாலும் அதே கதி. வெளிச்சம் தொட்டியின் வாய்க்குள் விழ வேண்டும்.

மொட்டையை நிரப்ப, நீளமான இரண்டு மூன்று கொடிகளை வெட்டி ஒருநாள் காயவிட்டு, மண்மேல் சுருட்டி வைத்து, கொண்டை ஊசியை விரித்துக் கணுக்கள் மண்ணைத் தொடும்படி குத்துங்கள். இரண்டு மூன்று வாரத்தில் வேர் பிடிக்கும்.

மாற்றியதும் நன்றாக நீர் ஊற்றச் சொல்கிறது சீட்டு. வேண்டாம். அறுந்த வேர் ஆற மூன்று நான்கு நாள் விட்டு முதல் நீர் ஊற்றுங்கள், அதுவும் அடியில் வடியும்வரை. பிறகு நாள்கணக்குப் பார்க்காமல் முத்தைப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் கண்ணாடிபோல் ஒரு கோடு இருக்கும், வெளிச்சம் உள்ளே போகும் ஜன்னல் அது. முத்து கெட்டியாக, கோடு விரிந்து தெளிவாக இருந்தால் நீர் தேவையில்லை. விரலுக்கு மெத்தென்று தளர்ந்து கோடு குறுகினால் ஊற்றலாம். தொட்டியைத் தூக்கிக் கனம் பார்ப்பதும் நல்ல பழக்கம். குழப்பம் வருவது ஓரிடத்தில்தான்: முத்து சுருங்குகிறது, ஆனால் மண் ஈரமாக இருக்கிறது. அது தாகமல்ல, வேர் செத்துவிட்டது. அதன்மேல் நீர் ஊற்றுவோர்தான் அதிகம். நல்ல நுனிகளை அன்றே வெட்டிப் புதிதாகப் பதியன் போடுவது ஒன்றே வழி. முத்து மஞ்சளாகக் கசிந்து வெடித்தால் நீர் மிகுதி.

ஸ்பிரே பாட்டில் வீண். இலையில் தெளிக்கும் நீர் இந்தச் செடிக்குப் பயன்படாது, கொடிகளின் நெருக்கத்தில் ஈரம் தங்கி அழுகலைத்தான் கொண்டுவரும். நீள மூக்கு வைத்த பாட்டில் கொடுத்திருந்தால் புண்ணியமாகப் போயிருக்கும். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஏசியிலிருந்து சொட்டும் நீரோ மழைநீரோ ஊற்றலாம். ஆர்.ஓ. கழிவுநீர் கூடவே கூடாது, உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்து வருகிறது.

வெளிச்சத்துக்கு, காலை ஒன்பது மணிவரை நேர்வெயில், பிறகு வெளிச்சமான நிழல். மார்ச் முதல் ஜூன்வரை 50 சதவீத நிழல்வலை. கடும் வெயிலில் வளர்ச்சி நின்றுவிடும், அப்போது நீரையும் குறைக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழையின்போது கூரைக்கு அடியில் காற்றோட்டமான இடம் போதும். உரப் பொட்டலம் பெரும்பாலும் 19:19:19, அதாவது தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் உள்ள உரம். மாற்றி இரண்டு மாதம் கழித்து, லிட்டர் நீருக்கு அரை கிராம், மாதம் ஒருமுறை, வளரும் பருவத்தில் மட்டும். பொட்டலத்தில் உள்ள அளவு காய்கறிச் செடிக்கானது.

மாவுப்பூச்சி கணுக்களில் பஞ்சுபோல் தெரிந்தால் ஐசோபுரொபைல் ஆல்கஹாலை இயர்பட்டில் தொட்டு எடுங்கள். மண்ணிலிருந்து குட்டிக் கறுப்பு ஈக்கள் பறந்தால் கலவை இன்னும் ஈரமாகவே இருக்கிறது என்று அர்த்தம். பூனை, நாய் உள்ள வீட்டில் எட்டாத உயரத்தில் மாட்டுங்கள், தின்றால் அவற்றுக்கு நஞ்சு.

இதே கிட்டை இதய வடிவ இலைகளோடு தொங்கும் ஸ்ட்ரிங் ஆஃப் ஹார்ட்ஸுக்கு வாங்குபவர்கள் கலவையில் சில்லைச் சற்றுக் குறைக்கலாம். தடித்த இலைகள் வால்போல் அடுக்கித் தொங்கும் பரோஸ் டெயிலுக்கு என்றால் கொக்கியைக் கட்டாயம் மாற்றுங்கள், வளர்ந்தபின் அதன் கனம் பிளாஸ்டிக்குக்குத் தாங்காது. இலைகள் தொட்டாலே உதிரும், உதிர்ந்ததை அதே மண்மேல் பரப்பினால் முளைத்துவிடும். பக்கத்தில் நல்ல நர்சரி உள்ளவர்கள் தொட்டி, சங்கிலி, ஒரு கிலோ பெர்லைட் மூன்றையும் தனித்தனியாக வாங்கிக்கொண்டு கிட்டை விட்டுவிடலாம்.