ஏர் பிஸ்டலை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

9,500 ரூபாய். மொத்தமும் முன்பணம். 10 மீட்டர் தூரப் போட்டிக்கான என் ஏர் பிஸ்டலின் சிலிண்டரில் காற்று மெதுவாக இறங்குகிறது, அவ்வளவுதான் கோளாறு. கொடுத்தது துப்பாக்கி சுடும் வீரர்களுக்கு சர்வீஸ் செய்து தரும் ஒரு கடையில்.

கடைக்காரர் பேரலுக்குள் (குண்டு போகும் குழல்) டார்ச் அடித்து, "ஈயம் படிஞ்சிருக்கு பாருங்க சார், ஓ-ரிங் எல்லாத்தையும் மாத்திடறேன்" என்றார். ஓ-ரிங் என்பது காற்று கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். ஈயம் இருந்தது உண்மை. அந்த ஒரு உண்மையில்தான் விழுந்தேன்.

திரும்பி வந்ததும் 200 பார் அழுத்தத்துக்குக் காற்று நிரப்பி வைத்தேன். மறுநாள் காலை கேஜ் 140 காட்டியது. காற்றை முழுக்க வெளியேற்றிவிட்டுக் கழற்றிப் பார்த்தால் அதே பழைய ஓ-ரிங், ஒரு பக்கம் தட்டையாகி. மேலே தையல் மெஷின் எண்ணெய் வேறு! உயர் அழுத்தக் காற்றில் அந்த எண்ணெய் தீப்பிடிக்கலாம். சிலிண்டர் வெடித்தால் கை போய்விடும். அங்கே சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான் போட வேண்டும், ரப்பர் லேசாகப் பளபளக்கும் அளவுக்கு.

பேரல் வாய் அதைவிட மோசம். முன்பக்கமாக இரும்புக் கம்பியை விட்டுத் தேய்த்திருக்கிறார்கள். விளிம்பில் நகம் இடறுகிறது. குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே கீறினால் காற்று ஒரு பக்கமாகப் பீறிட்டுக் குண்டைத் தள்ளிவிடும். இலக்கு அட்டையின் நடுவில் 10 புள்ளி தரும் வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ. இப்போது ஸ்டாண்டில் இறுக்கி வைத்துச் சுட்டாலும் 9, 8 என்று சிதறுகிறது.

போன் செய்தேன். "பார்சல்ல அடிபட்டிருக்கும்." மறுநாள், "பெல்லட்ட மாத்திப் பாருங்க." இன்று காலையிலிருந்து எடுக்கவே இல்லை. 9,500 ரூபாய்க்கு பில்லும் தரவில்லை.

சுத்தம் செய்ய யாரிடமும் கொடுக்கவே தேவையில்லை. 500 குண்டுக்கு ஒருமுறை போதும். 4.5 மி.மீ. ஃபெல்ட் (அமுக்கிய கம்பளி) துண்டுகளை இரண்டிரண்டாகப் பேரலின் பின்பக்கம் வைத்து, சுட்ட குண்டைப் பிடிக்கும் பெட்டியைப் பார்த்துச் சுடுங்கள். கறுப்பு குறையும்வரை மூன்று நான்கு முறை. தினமும் தேய்க்காதீர்கள், தேய்த்தே கெட்ட பேரல்கள் ஏராளம். சிலிண்டரின் காலாவதி தேதி தாண்டிவிட்டால் நிரப்பவே கூடாது.

கசிவுக்குக் கடைக்குத்தான் போயாக வேண்டும் என்றால், பேரல் வாயை நெருக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள். கழற்றிய பழைய ஓ-ரிங்கைக் கேட்டு வாங்குங்கள். சீரியல் எண் போட்ட பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். என்னிடம் இருப்பது 9,500 அனுப்பிய ஸ்கிரீன்ஷாட் மட்டும்தான்.